நீ போனில் கேட்ட வார்த்தை

கண்ணு,

அடுத்த மாதம் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறாய். டிக்கெட் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது "நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷமே இல்லையோ என்று நினைத்திருப்பாய். சந்தோஷம்தான். ஆனால் அதை முழுசாக அனுபவிக்க விடாமல் ஒன்று தடுக்கிறது. அது என்னவென்று உனக்கும் தெரியும். நீ போவதற்கு முன்னால் நாமக்கல் கோர்ட்டுக்கு வந்து, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் இந்த மலையில் நீ பார்த்ததைச் சொல்ல வேண்டும். முடியாது என்கிறாய். செய்யாத குற்றத்துக்காகப் பொன்னன் இன்னும் ஜெயிலில் இருக்கிறார். இந்தக் கடிதம் அதற்காகத்தான். எனக்குத் தெரிந்ததையே எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறாள் என்று எரிச்சல் வேண்டாம். இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். நம் இருவரையும் அறியாதவர்களும் இதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சம்பவம் நடந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். ஆபீஸில் யாரோ ஆங்கிலப் பேப்பரை நீட்டி, கொல்லிமலை உன் ஊர்ப்பக்கம்தானே என்று கேட்டிருக்கிறார்கள். "அம்மா, லிஞ்சிங்னு போட்டிருக்கான். அதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றாய். அந்த வார்த்தை தெரியாதவன் இல்லை நீ. நான் வேறு ஏதாவது அர்த்தம் சொல்ல மாட்டேனா என்றுதான் கேட்டாய். நானும் சொன்னேன். "அது அமெரிக்காவுல ஆளைக் கயித்துல கட்டி மரத்துல தொங்க விடறதுக்குச் சொல்ற வார்த்தை. இங்க கயிறும் இல்ல, மரமும் இல்ல. பேப்பர்காரன் தெரியாம போட்டிருக்கான்" என்றேன். "அப்படியாம்மா" என்றாய். உன் குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. கூடவே என் பாரமும் இறங்கியது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தது அன்றைக்கு எனக்கு அப்படி உதவியது.

அந்தப் பதிலை இப்போது திருத்துகிறேன். கயிறு அந்த வார்த்தையின் உயிர் இல்லை. ஒரு கூட்டம், விசாரணை இல்லாமல், தானே நீதிபதியாகித் தானே தண்டனை கொடுத்து ஒருவரைக் கொல்வதுதான் அதன் பொருள். கயிறாக இருந்தாலும் கல்லாக இருந்தாலும் வெறுங்கையாக இருந்தாலும் அது அதேதான். அமெரிக்காவில் கறுப்பின மக்களை இப்படித்தான் கொன்றார்கள். அதைப் பார்க்கக் குழந்தைகளோடு வந்து நின்றவர்களும் உண்டு. நீ போகிற நாட்டில் அந்த வார்த்தையை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். அதற்குள் அவ்வளவு இருக்கிறது. யாரோ ஒருவரின் குடும்பப் பெயரிலிருந்து அது வந்தது என்கிறார்கள். எந்த ஆள் என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒரு தனி மனிதரின் பெயர், யார் செய்தார்கள் என்றே சொல்ல முடியாத ஒரு காரியத்துக்கு வார்த்தையாகிவிட்டது. அதை வினைச்சொல்லாகப் போட்டு வாக்கியம் எழுதச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் செயப்பாட்டு வினையில்தான் எழுதுவார்கள். ஒருவர் கொல்லப்பட்டார், கூட்டத்தால். 'நான்' என்று அந்த வாக்கியத்தை ஆரம்பித்து எழுதியவரை நான் எங்கும் படித்ததில்லை.

தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. நம் தமிழ்ப் பேப்பர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது அதை அச்சடிக்கின்றன. தர்ம அடி. பொதுமக்கள் பிடித்துத் தர்ம அடி கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தனர். ஓசியில் வைத்தியம் பார்த்தால் தர்ம ஆஸ்பத்திரி, ஓசியில் சாமி பார்த்தால் தர்ம தரிசனம். அப்படித்தான் இதுவும். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அடிக்கிறவருக்கு எந்தச் செலவும் இல்லை. பிறகு அந்த 'தர்மம்' தன் பழைய அர்த்தத்தையும் மெதுவாக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. இலவசமாக அடித்தவர் நியாயமாக அடித்தவராகவும் ஆகிவிடுகிறார். ஆங்கில வார்த்தையைக் கேட்டால் ஆளுக்கு முகம் மாறும். நம் வார்த்தையைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நம் வீட்டிலும் அப்படித்தான் வந்தது.

உனக்கு நினைவிருக்கும். நம் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒயர் திருடியவனைப் பிடித்த கதையை உன் அப்பா சொல்லாத கல்யாணம் கிடையாது. வேலியோரம் பிடித்துத் தென்னைமரத்தில் கட்டி, பால் ஊற்ற வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு போட்டுவிட்டுப் போனார்களாம். பால் கேனைக் கீழே வைக்காமலே ஒருவர் எட்டி உதைத்தாராம். அந்த இடத்தில் அப்பா தண்ணீர்ச் சொம்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடித்தே காட்டுவார். "சாமி சாமி, பொண்டாட்டி புள்ளைக்காரனுங்க" என்று அவன் அழுததை அவன் குரலிலேயே சொல்வார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரையேறும். நீ சின்னப் பையனாக இருந்தபோது, "அப்பா, பால் கேன் கதை" என்று நீயே கேட்பாய். நான் பரிமாறிக்கொண்டே புன்னகை செய்வேன். சிரிக்கவில்லை, புன்னகை மட்டும்தான். அதையே ஒரு எதிர்ப்பு என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன் போல. வேறு யாருக்கும் அது எதிர்ப்பாகத் தெரிந்திருக்காது. உனக்கு நிச்சயம் தெரிந்திருக்காது. அவன் திருடன்தான், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன். ஆடி மாதம் செத்தவர் எந்தத் தப்பும் செய்யாதவர் என்பதால் மட்டும் அது தப்பு என்று நீ நினைத்துவிடக் கூடாது. அவர் ஒயர் திருடியிருந்தாலும், நிஜமாகவே பிள்ளை பிடித்திருந்தாலும் அது இதே காரியம்தான்.

அவர் பெயர் ஓபுலேசு. பேப்பரில் 'நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண்' என்று போட்டிருந்தார்கள். பெயரைப் பிறகு நான்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆந்திராவிலிருந்து வந்தவர். ஊர் ஊராகப் போய் முடி வாங்குகிறவர். பெண்கள் தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்திருப்பார்களே, அதை இவர்கள் வாங்கிக்கொண்டு ஊக்கு, பிளாஸ்டிக் டப்பா, பலூன் ஏதாவது கொடுப்பார்கள். அது சவுரி முடியாகிறது. கீழே எல்லா ஊரிலும் இவர்களைத் தெரியும். மேலே இந்த ஆள் திருவிழாக் கூட்டத்தை நம்பி முதல்முறையாக ஏறி வந்திருக்கிறார். அந்த ஆடியில்தான் கீழேயிருந்து வந்த பஸ்ஸிலும் வேனிலும் அந்தப் புரளியும் ஏறி வந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் மலைக்குள் வந்திருக்கிறார்கள் என்று.

நான் அங்கே இல்லை. இந்த மலை ஸ்கூலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தாய். லீவு முடிந்து பெங்களூருக்குத் திரும்ப ஒரு நாள் இருந்தது. ஒரு குழந்தையின் கையில் அவர் பலூன் கொடுத்ததைப் பார்த்து யாரோ அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். கூட்டம் சேர்ந்தது. மூட்டையைப் பிடுங்கி உதறினார்கள். உள்ளேயிருந்து நீள நீளமாகக் கறுப்பு முடி விழுந்தது. அப்புறம் ஒருவன், "பொம்பளப் புள்ளைங்க முடிடா இது" என்றான். முதல் அறை அப்போதுதான் விழுந்தது. "எதுக்குடா வந்தே? சொல்றா!" என்று சட்டையைப் பிடித்தார்கள். வியாபாரத்துக்கு வேண்டிய தமிழ் அவருக்குத் தெரியும். ஆனால் அடி விழும்போது வாயில் அந்தத் தமிழ் நிற்கவில்லை. "பில்லல கோசம் வச்சினானய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பெங்களூரில் உன் அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் தெலுங்குப் பையன்கள். உனக்கு அது உடனே புரிந்தது. பிள்ளைகளுக்காக வந்தேன் ஐயா. பிழைப்புக்கு வந்தேன் என்பதை அவர் அப்படிச் சொன்னார். அங்கே நின்ற மற்றவர்களின் காதில் விழுந்தது இரண்டே சொல். பிள்ளை, வச்சி. "பாருங்கடா, புள்ளைங்கள வச்சிருக்கேன்னு அவன் வாயாலயே சொல்றான்!" என்று ஒருவன் கத்தினான். "எங்கடா வச்சிருக்கே?" என்று இன்னொருவன் கேட்டான். 'எங்கே' என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தன் பிள்ளைகள் இருக்கிற திசையைக் காட்டுவதுபோல, மலையிறங்குகிற ரோட்டைக் கை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீ பேசினாய். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. "அண்ணா, அவன் வேற என்னமோ சொல்றான்ணா" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னாய். அவன் திரும்பி, "டீச்சர் ஊட்டுத் தம்பி, தள்ளி நில்லு சாமி. சட்டை அழுக்காயிரும்" என்றான். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நீ தள்ளி நின்றாய். நீயும் சிரித்தாயா என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் உரக்க, முழுசாக, 'அது தெலுங்கு, பிள்ளைகளுக்காகப் பிழைக்க வந்தேன் என்கிறான்' என்று கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பார் என்று சொல்லி உன்னை வதைக்கவும் மாட்டேன், பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லி உன்னைத் தேற்றவும் மாட்டேன். உனக்கு வலிக்கிறது என்பதற்காகத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல என்னால் முடியவில்லை. போனில் ஒரு முறை அப்படிச் செய்துவிட்டேன், போதும்.

கூட்டம் கலைந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது என்றாய். பக்கத்துக் காட்டில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பொன்னன்தான் ஓடி வந்தார். தண்ணீர் கொடுத்தார், தோளில் தூக்கினார், அந்த வழியாக வந்த ஜீப்பை மறித்து ஏற்றினார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. போலீஸ் வந்தபோது வேனில் வந்தவர்கள் எல்லாரும் மலையிறங்கியாகிவிட்டது. ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சட்டையெல்லாம் ரத்தமாக நின்றவர் பொன்னன் ஒருவர்தான். அவரையும் இன்னும் மூன்று மலைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலில் கை வைத்தது யார் என்று உனக்குத் தெரியும். கீழேயிருந்து வேனில் வந்த நம் சொந்த ஊர் ஆட்கள். அதில் ஒருவன் உன் அப்பாவின் பங்காளி மகன். உன் தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தவன்.

அன்று சாயங்காலம் நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "உன்னை யாராவது பார்த்தாங்களா?" என்பது. அந்த மனிதர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டேன். "நீ ஆடிக்கு வரவே இல்ல. யார் கேட்டாலும் அப்படித்தான்" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன். ஆகவே, நீ இன்று முடியாது என்று சொல்லும்போது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ திருப்பிச் சொல்கிறாய்.

அதன் பிறகு இந்த மலையில் எல்லாரும் பேசுகிற ஒரு வார்த்தையைக் கவனித்துக்கொண்டே வருகிறேன். பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கள் ஸ்டாஃப் ரூமில். "பாவமுங்க, அடிச்சுப் போட்டாங்க." யார் அடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும், வினைமுற்றின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'ஆங்க' போதும். மரியாதைக்குப் போடுகிற பன்மையை இலக்கணத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். இது ஒளிந்துகொள்ளப் போடுகிற பன்மை. அங்கே நின்ற அத்தனை பேரும் இன்று அந்த 'ஆங்க'வுக்குள் இருக்கிறார்கள். அடிச்சோம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. பார்த்தோம் என்று சொல்லவும் ஒரு ஆள் இல்லை. பொன்னன் மட்டும் அதற்குள் இடம் கிடைக்காமல் தனியாக, பெயரோடு, ஜெயிலில் இருக்கிறார்.

அவர் மனைவி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருகிறாள். வெறுங்கையோடு வர மாட்டாள், கீரையோ மரவள்ளியோ ஏதாவது இருக்கும். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "ஏனுங்க டீச்சர், தம்பி அன்னிக்கு டீக்கடையில நின்னுதுங்களே. எங்க ஊட்டுக்காரரு தூக்குனதப் பார்த்துதுங்களே. ஒரு வார்த்த வந்து சொல்லச் சொல்லுங்க" என்பாள். உன்னைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அவள் வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் போலீசில் உன் பெயரைச் சொல்லவில்லை. "தம்பிக்கு வேலைக்கு இடைஞ்சலாயிருமுங்களா?" என்று அவளே கேட்டாள். அதற்கு நான், "பார்க்கலாம்" என்றேன். அவள் போன பிறகு அந்தக் கீரையை ஆய்ந்து சமைத்துச் சாப்பிட்டேன்.

கீழே நம் ஊருக்குப் போய் உன் அப்பாவிடம் பேசினேன். தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "எவனோ செத்தான், எவனோ உள்ள போனான். அதுக்கு நம்ம சனத்த நாமளே காட்டிக் குடுக்கறதா? பையன் வெளிநாடு போற நேரத்துல புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்றார். "அந்தப் பால் கேன் கதைய இனிமேல் சொல்லாதீங்க" என்றேன். எதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்பதுபோலப் பார்த்தார். மறுபடி குழாயைத் திருகிக்கொண்டே, "அந்த ஒயர்க்காரன் அப்புறம் ரொம்ப நாள் இருக்கல" என்றார். கல்யாணப் பந்திகளில் அவர் ஒரு நாளும் சொல்லாத வரி அது.

நீ சொல்வது எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். சாட்சி சொன்னால் விசாவுக்கு இடைஞ்சல் வரலாம் என்கிறாய். விசாரித்தேன், சாட்சிக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். அது முழுக்க உண்மையா என்று எனக்கும் சந்தேகம்தான். பங்காளிகள் பேச மாட்டார்கள். அது நடக்கும். நான் தனியாக இந்த மலையில் இருப்பதை நினைத்துப் பயப்படுகிறாய். எனக்கும் பயம் இருக்கிறது. வழக்கு நிற்குமா என்றால், நிற்காது என்றுதான் நினைக்கிறேன். வருஷக்கணக்கில் இழுத்து, சாட்சிகள் மாறி, எல்லாரும் வெளியே வந்துவிடலாம். நீதி கிடைக்கும் என்று சொல்லி உன்னைக் கூப்பிடவில்லை. இரண்டு விஷயத்தைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். பொன்னன் அடிக்கவில்லை, தூக்கினார். ஓபுலேசு பிள்ளைகளை வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்காக வந்தேன் என்று சொன்னார். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது, தங்கள் அப்பா என்ன சொன்னதற்காக அடித்தார்கள் என்று கேட்டால், அது ஏதாவது ஒரு இடத்தில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்போது போலீஸ் காகிதத்தில், அவர் 'குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறி' அடித்தார்கள் என்று இருக்கிறது.

ஓபுலேசுவின் மனைவி உடலை வாங்க வந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு ஆளோடு உட்கார்ந்திருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்கியிருக்கலாம். பஸ் அங்கே நின்றது. நான் இறங்கவில்லை.

நீ வளர்ந்த காலத்தில் வருஷத்தில் பாதி நாள் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தும் உனக்கு நான் அதிகம் புத்தி சொன்னதில்லை. அறிவுரை சொல்கிறவர்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. ஆகவே இதை ஒரு வேண்டுகோளாக வைத்துக்கொள். போகிற இடத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால், அதன் அர்த்தம் தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதே. எங்கள் ஊரில் அதை எப்படிச் சொல்வோம் என்பதையும் சொல். சிரிக்காமல் சொல்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் சரி என்றுவிடுவேன். அதனால் கேட்கவில்லை. நேற்று ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, பொன்னனின் மனைவியோடு நாமக்கல் போனேன். அவர்களுடைய வக்கீல் சின்ன வயசுக்காரர், அவருக்கே இந்தக் கேஸில் பெரிய நம்பிக்கை இல்லை. என் மகன் அன்றைக்கு அங்கே நின்றிருந்தான், எல்லாவற்றையும் பார்த்தான், அந்த மனிதர் பேசிய பாஷை அவனுக்குத் தெரியும் என்று சொன்னேன். மறுநாள் அவனை ஊரைவிட்டு அனுப்பி வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். உன் பெயர், பெங்களூர் விலாசம், ஆபீஸ் நம்பர் எல்லாம் கொடுத்தேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயோ பின்னாலேயோ அவருடைய போன் உனக்கு வரும்.

எழுந்திருக்கும்போது அவர் பேனாவை மூடிக்கொண்டே, "பையன் வருவாருங்களா டீச்சர்?" என்று கேட்டார். பொன்னனின் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவான் என்றேன். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், கண்ணு.

அம்மா